ஸ்வீடன் வரிசையில் நின்ற தமிழ்

கணினித் துறையில் டீஃபால்ட் என வழங்கும் இயல்பமைவு, அதாவது பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது மென்பொருள் தானே மேற்கொள்ளும் அமைப்பு, யாரும் எடுக்காத முடிவாகவும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் முடிவாகவும் ஒரே நேரத்தில் விளங்கும் அரிய தன்மை உடையது. அதை மாற்றியவர்மேல் பழி விழுவதுண்டு. மாற்றாமல் விட்டவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனதாக எந்த அலுவலகக் கோப்பிலும் சான்று கிடைப்பது அரிது. ஆகவே விவரமறிந்தவர்கள் அதைத் தொடுவதில்லை. தரவுத்தளங்களில் தமிழ் பட்ட பாட்டின் பெரும்பகுதி இந்த விவரமறிந்த தன்மையின் பயனே ஆகும்.

மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் 1995இல் ஸ்வீடனில் தோன்றியது. நிறுவியவர்கள் மூவரில் டேவிட் ஆக்ஸ்மார்க்கும் ஆலன் லார்சனும் ஸ்வீடன்காரர்கள். மைக்கேல் விடேனியஸ் பின்லாந்துக்காரர். எந்தெந்த எழுத்துகளைச் சேமிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன எண் என்று வரையறுக்கும் பட்டியலுக்கு எழுத்துத் தொகுதி என்று பெயர். அவற்றில் எது முன், எது பின், எதுவும் எதுவும் சமம் என்று தீர்ப்புச் சொல்லும் விதிக்கு ஒப்பீட்டு வரிசை என்று பெயர். முன்னதற்கு லத்தீன்1 என்பதையும், பின்னதற்கு லத்தீன்1_ஸ்வீடிஷ்_சிஐ என்பதையும் அவர்கள் இயல்பமைவாக வைத்தார்கள். 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை இந்த ஏற்பாடு நீடித்தமையால், மதுரையில் ஒரு மளிகைக் கடையின் கணக்கும் கிள்ளானில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும், உரியவர்கள் வேறு ஏற்பாடு செய்யாதவரை, ஸ்வீடன் அகராதியின் ஒழுங்குக்கு உட்பட்டே இருந்தன; தலையில் இரு புள்ளி வைத்த யூவும் ஆங்கில ஒய்யும் சமம் என்னும் தீர்ப்பும் அவற்றுக்கு இலவசமாகக் கிடைத்தது. இதற்காக ஸ்வீடன் மக்களைக் குறை கூறுவது நியாயமாகாது. அவர்கள் தம் வீட்டு வேலைக்குத் தம் மொழியை வைத்துக்கொண்டார்கள். அதே மென்பொருளைக் காரைக்குடியில் எழுதியிருந்தால், ஆய்த எழுத்து எந்த இடத்தில் வரும் என்று ஸ்டாக்ஹோமில் ஒருவர் இன்றும் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

லத்தீன்1 தொகுதியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், ஆக மொத்தம் 256 இடங்கள். அவற்றில் தமிழுக்கு ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. (மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 என்று அழைப்பது உண்மையில் விண்டோஸ் 1252 என்னும் வேறொரு பட்டியல் என்பதையும், அதன் கையேடே இதை ஒப்புக்கொள்கிறது என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நல்லது, பெயரை நம்பி ஏமாறுவது இத்துறையில் இது முதல்முறையும் அன்று, கடைசி முறையும் அன்று.) இதற்கு மாறாக, உலக எழுத்துகள் அனைத்துக்கும் எண் வழங்கும் யூனிகோடு தமிழுக்கும் இடம் வைத்துள்ளது, அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்8 முறையில் தமிழின் ஒவ்வோர் எழுத்தும், ஒவ்வொரு கொம்பும், காலும், புள்ளியும் மும்மூன்று பைட் இடம் பிடிக்கின்றன.

மூன்று பைட் எழுத்து ஒரு பைட் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு விதமான நோய்கள் தோன்றும். முதலாவது கேள்விக்குறி நோய். வந்த எழுத்து தன் பட்டியலில் இல்லை என்று தெரிந்தால், அதற்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டு, ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்துவிட்டு, தரவுத்தளம் மேற்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். எச்சரிக்கையைப் படிப்பவர் யாரும் இல்லை என்பது அதற்கும் தெரியும். ‘தமிழ்’ என்னும் சொல், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவற்றுக்கு ஒன்றாக ஐந்து கேள்விக்குறிகள் ஆகும். கிருஷ்ணமூர்த்தி பதினைந்து ஆவார். நீளத்தை வைத்து ஆளை ஊகிக்கலாமே தவிர, பெயரை மீட்க எந்த மருந்தும் இல்லை. 2015இல் வந்த 5.7 பதிப்பு முதல் கண்டிப்பு முறை இயல்பமைவானதால், இப்போது இத்தகைய எழுத்தைச் சேர்க்க முயன்றால் 1366 என்னும் எண்ணுள்ள பிழைச்செய்தி வந்து வேலை நின்றுவிடும். கண்டிப்பு முறையை அணைப்பது எப்படி என்று உடனே தேடத் தொடங்குவதே பெரும்பாலோரின் வழக்கம்.

இரண்டாவது நோய், பார்வைக்கு இன்னும் அழகானது. ‘அ’ என்னும் முதலெழுத்தின் மூன்று பைட்டுகளையும் லத்தீன்1 மூன்று தனி எழுத்துகளாகப் படித்து, தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் எழுதிய வணிகச் சின்னப் பதிவுக் குறி, அதன்பின் மூன்று புள்ளிகள் என்று காட்டும். தமிழின் உயிரெழுத்துகளுக்கும் உயிர்மெய்க்கு அடிப்படையான அகரமேறிய எழுத்துகளுக்கும் இரண்டாம் பைட் ஒன்றேயாதலால், எந்த அரசும் இதுவரை வழங்காத வணிகச் சின்னப் பதிவைத் தமிழ் நெடுங்கணக்கு முழுமைக்கும் இந்த நோய் ஒரே மூச்சில் வழங்கிவிடுகிறது. மகரத்துக்கு மூன்றாம் பைட்டும் அதுவேயாகையால் இரட்டைப் பதிவு. பார்ப்பவர் அலறினாலும், இந்த நோயாளி பெரும்பாலும் பிழைப்பார். பைட்டுகள் உள்ளே உயிரோடு இருக்கின்றன.

இதில் விசித்திரம் என்னவென்றால், பொய் சொல்வதில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போனால் நோய் வெளியே தெரியாது. மென்பொருள் யூடிஎஃப்8 பைட்டுகளை அனுப்பிக்கொண்டே தான் அனுப்புவது லத்தீன்1 என்று அறிவிக்க, அட்டவணையும் லத்தீன்1 என்று நம்பி அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க, திரையில் தமிழ் குறையின்றித் தோன்றும். பல அலுவலகங்களில் இந்த உடன்படிக்கை ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. அதன் ஒரே தடயம், முப்பது எழுத்து அகலம் கொண்ட பெயர்ப் பத்தியில் பத்துக் குறிகளுக்கு மேல் நிற்காமல், கிருஷ்ணமூர்த்தி ‘கிருஷ்ணமூர’ என்று முடிந்துபோவது; அதையும் தட்டச்சு செய்தவரின் அவசரம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சர்வரைப் புதுப்பித்த நாளில், புதிய இணைப்பு தன்னை யூடிஎஃப்8 என்று உண்மையாக அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, தரவுத்தளம் உதவி செய்வதாக எண்ணி ஒவ்வொரு பைட்டையும் மொழிமாற்றிக் கொடுக்கும். உண்மை பேசியவுடன் எல்லாம் கெட்டுப்போன துறை இதுவாகத்தான் இருக்கும்.

யூனிகோடுக்கு முந்தைய காலத்தவர் இந்தத் தொல்லைகளை அறியார். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தவர், உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து விசைகளையே அடித்தார். தரவுத்தளம் அவற்றை ஆங்கிலம் என்றே கருதிப் பத்திரமாக வைத்துக்கொண்டது. 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியேற்றங்களும் ஒரு பைட் எல்லைக்குள் அடங்கியவை. எழுத்துரு இருந்தவரை அது தமிழ். எழுத்துரு போனபின் அது ஐந்து விசைகள்.

இனிப் பழுது பார்ப்போரின் இயல்பு. தமிழ் கெட்டுவிட்டது என்று செய்தி வந்ததும், முதலில் சர்வரை அணைத்துப் போடுவர். அடுத்து எழுத்துருவை மறுபடி நிறுவுவர். அதன்பின் எங்கோ கண்ட கட்டளை ஒன்றை அட்டவணைமேல் ஏவுவர். மூன்றாவது செயலில்தான், பிழைக்கக்கூடிய நோயாளி இறக்கிறார். செய்யவேண்டிய சோதனை ஒன்றுதான்: ஹெக்ஸ் என்னும் சார்பு, அட்டவணையில் உள்ள பைட்டுகளை எந்த ஒப்பனையும் இன்றிப் பதினாறடிமான எண்களில் காட்டும். ‘த’ என்பதற்கு ஈ0 ஏஈ ஏ4 என்று வந்தால் பைட்டுகள் நலம்; பத்தியின் பெயர்ப்பலகையோ இணைப்போதான் பொய் சொல்கிறது. சி3ஏ0 சி2ஏஈ என்று தொடங்கினால், ஒருமுறை மாற்றியதை யாரோ இரண்டாம் முறையும் மாற்றியிருக்கிறார்கள், திருப்பிவிடலாம். 3எஃப் என்று வரிசையாக வந்தால் உள்ளே இருப்பது கேள்விக்குறியேதான். பழைய அச்சுப் பிரதியைத் தேடிப் பரணில் ஏறுவது நல்லது. திரையில் கேள்விக்குறி தெரிந்தும் உள்ளே 3எஃப் இல்லையெனில், விடை அனுப்பும் வழி மட்டுமே லத்தீன்1 ஆக உள்ளது. ‘செட் நேம்ஸ்’ என்னும் ஒரு வரிக் கட்டளையில் அது சரியாகும். நலமான பைட்டுகள் தவறான பெயர்ப்பலகையின்கீழ் இருந்தால், பத்தியை முதலில் வெறும் பைனரியாக மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றவேண்டும். நேரடியாக மாற்றுவோர் சி3ஏ0 வகையினரின் எண்ணிக்கையைப் பெருக்குவர்.

எங்கே மாற்றுவது என்பதும் எளிதன்று. சர்வர், தரவுத்தளம், அட்டவணை, பத்தி என நான்கு படிகளில் எழுத்துத் தொகுதி அமைகிறது. மேல்படியில் செய்யும் மாற்றம் இனிப் பிறக்கப்போகும் கீழ்ப்படிகளுக்கே செல்லும். பாகப்பிரிவினை முடிந்து பட்டாவும் மாறிய பின்னர் தாத்தா உயிலைத் திருத்தினால் பெரியப்பா வீட்டு வயலுக்கு எதுவும் ஆகாததுபோல, தரவுத்தளத்தின் தொகுதியை மாற்றுவதால் பழைய அட்டவணைகள் சிறிதும் அசைவதில்லை. எல்லா இணைப்புகளுக்கும் ஒரு கட்டளையைத் தொடக்கத்திலேயே இயக்கும் ‘இனிட் கனெக்ட்’ என்னும் வசதியும் உண்டு. ஆனால் உயர் அதிகாரம் பெற்ற பயனருக்கு அது இயங்காது. சோதனை செய்பவர் எப்போதும் அந்த உயர் அதிகாரத்தோடுதான் உள்ளே நுழைவார் என்பதும், வசதி வேலை செய்யவில்லை என்று அறிக்கை எழுதுவார் என்பதும் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் மேலான வேடிக்கை யூடிஎஃப்8 என்னும் பெயரே. 2004இல் 4.1 பதிப்பில் மைஎஸ்க்யூஎல் அதை அறிமுகம் செய்தபோது எழுத்துக்கு மூன்று பைட் போதும் என்று வரம்பு கட்டியது. முறைப்படி நான்கு வேண்டும். தவறு உணரப்பட்டு, 2010இல் நான்கு பைட் கொண்ட உண்மையான யூடிஎஃப்8, யூடிஎஃப்8எம்பி4 என்னும் பெயரில் வந்தது. அசல் பெயர் நகலிடமே தங்கிவிட்டது. தமிழுக்கு மூன்று பைட் போதுமே என்று அமைதி அடைவோர் கவனிக்க: முந்திரி, மா, கால், அரை போன்ற பழந்தமிழ்ப் பின்னங்களின் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0இல் இடம்பெற்றன, அவை நான்கு பைட் பகுதியில் உள்ளன. அவற்றைச் சேமித்தபின்னும், ‘ஜெனரல்’ என்று முடியும் பழைய ஒப்பீட்டு வரிசையை வைத்திருந்தால், அந்தப் பகுதி எழுத்துகள் அனைத்தும் சமம் என்றே அது தீர்ப்பளிக்கும். ஜப்பானியர் இதே விதியால் சுஷி படமும் பீர் படமும் ஒன்றாகிப்போனதைக் கண்டு சிரித்திருக்கிறார்கள். தமிழனுக்கு முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியும் அரையும் ஒன்றாகும். நிலத்தைப் பங்கு போடுவோர் இதைச் சிரிப்பாகக் கொள்ளமாட்டார்கள்.

8.0 பதிப்பிலும் யூடிஎஃப்8 என்று மட்டும் எழுதினால் அந்தப் பழைய மூன்று பைட் தொகுதியே கிடைக்கும். ஆகவே அமைப்புக் கோப்பைத் திறக்கும் அன்பர்கள் சோம்பல் பாராமல் யூடிஎஃப்8எம்பி4 என்று முழுப்பெயரையும் எழுதுக. பழைய அட்டவணையில் கை வைக்குமுன் நகல் எடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, ஹெக்ஸ் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குக.