ஷெட் தனிக்குடித்தனம்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால், எழுபது அடி தள்ளி, கார் ஷெட் போட்டிருக்கிறேன். வீட்டு மெயின் போர்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பிளக் பாயின்ட் வைத்தால் போதாதா?
– வாசகர், சூளகிரி

பதில்: போதாது ஐயா. தனிக்குடித்தனம் போன பிள்ளைக்கு அரிசி அம்மா வீட்டிலிருந்து வரலாம். பூட்டும் சாவியும் அவனுக்கென்று வேண்டும். ஷெட்டும் அப்படித்தான். மின்சாரம் வீட்டிலிருந்து வரட்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகத் துண்டிக்கும் மெயின் சுவிட்ச், எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் ஷெட்டிலேயே இருக்கட்டும். எம்.சி.பி. ஒயரைக் காக்கும்; ஆர்.சி.சி.பி. உங்களைக் காக்கும்.

கேபிள் மண்ணுக்கடியில் போவதானால் ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் புதையுங்கள். ஷெட் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போடாதீர்கள். வரும் நியூட்ரல் அறுந்தால் இரும்புத் தூணே ஷாக் அடிக்கும்.

எர்த்துக்கு ஐ.எஸ். 3043, வயரிங்குக்கு ஐ.எஸ். 732 என்று இந்தியத் தரநிலைகளே இருக்கின்றன. நம் கிருஷ்ணகிரி மண்ணுக்கடியில் கிரானைட். பாறையில் எர்த் எளிதில் இறங்காது. குழி தோண்டியதோடு விடாமல், மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

நாளை அங்கே லேத் போட்டுத் தொழில் தொடங்கினால் வீட்டு இணைப்பில் ஓட்டாதீர்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி இரட்டிப்புக் கட்டணம் விழும்.

உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி, குடும்பத்தின் உயிருக்குப் போடும் பூட்டு.