மூணு நாள் சாமியார்

ஏலே பேராண்டி, வா, இப்படித் திண்ணையில உக்காரு. பையில என்னலே இத்தனை கனம்? பிரி, பாப்போம்.

அஞ்சு கலர்ல மினுக்குப் பேனா. கட்டம் போட்ட நோட்டு நாலு. கூடவே அட்டையில எழுதின கால அட்டவணை: காலையில அஞ்சு மணிக்கு ஹிரகனா, ஆறுக்குக் கத்தகனா, ஏழுக்கு இலக்கணம். அடேயப்பா, அட்டவணையப் பாத்தாலே பாதி ஜப்பான் வந்துட்டாப்ல இருக்கு. மீதிப் பாதிக்கு நீ அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும், அம்புட்டுத்தான். நேத்து எந்திரிச்சது எட்டரைக்கு. அதுவும் உங்க ஆச்சி வெளக்குமாத்த எடுத்தப்புறம்.

உன்னைய மாதிரி ஆளுக்கு ஜப்பான்காரனே ஒரு பேரு வச்சிருக்கான்: "மிக்கா போஸு". மூணு நாள் சாமியார்னு அர்த்தம். மொட்டை போட்டு மடத்துல சேந்தவன், நாலாம் நாள் வீட்டுச் சோத்துக்கு ஓடி வந்துட்டானாம். உன் நோட்டுல அந்த ஒத்தைச் சொல்ல மட்டும் சேப்பு மையில எழுதி, பச்சையில கோடு போட்டு, பக்கத்துல நட்சத்திரமும் வரைஞ்சிருக்க. தன் பேரை யாரும் அழகாத்தான் எழுதுவாங்க.

தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. ராத்திரி போன்ல பாடத்த ஓட விட்டுட்டு நீ தூங்கிருத. எனக்குத்தான் தூக்கம் வராதே. பீஸு கட்டினவன் நீ, படிக்குதவன் நான்.

முதல்ல கஞ்சிக்கு வாரேன். ஹிரகனா 46, கத்தகனா 46, அதுக்கு மேல கஞ்சின்னு நீ சொன்னப்ப, அட, நம்ம சாப்பாடாச்சேன்னு நெனச்சேன். அப்புறம்ல தெரியுது, அது எழுத்தாம். ஜப்பான் அரசாங்கம் 2010-ல திருத்திப் போட்ட அன்றாடப் பட்டியல்ல மட்டும் 2,136 இருக்காம். அந்த மண்ணுலயே பிறந்த புள்ளைக்கு ஒண்ணாம் வகுப்புல எத்தனை சொல்லிக் குடுக்காங்க? 80. ஆறு வருசம் பள்ளிக்கூடம் போயி முடிக்கையில 1,026. நீ ஒரே ராத்திரியில நூறு எழுதிட்டு, விடியுமுன்ன தொண்ணூத்தேழ மறந்துட்டு, "ஞாபகசக்தி போச்சு தாத்தா"ங்க. சக்தி எங்கயும் போகல. கஞ்சிய அண்டாவோட கவுத்தா மூக்குலதான் ஏறும்.

எழுத்த எழுத்தாப் பாக்காதலே, உறுப்பு உறுப்பாப் பிரிச்சுப் பாரு. மரம் ஒண்ணு நின்னா மரம். ரெண்டு நின்னா தோப்பு. மூணு நின்னா காடு. மரத்து ஓரமா ஆளு ஒருத்தன் சாஞ்சா ஓய்வு. இந்த ஒரு எழுத்த நீ எழுதாமலே பழகிட்ட, வேப்பமரத்தடிக் கட்டில்ல. வயலுக்குக் கீழ தெம்ப வச்சா ஆம்பளையாம். உங்க ஆச்சிட்ட பெருமையாச் சொன்னேன். "அப்ப களையெடுத்தது யாரு?"ன்னு கேட்டா. அதோட அந்த எழுத்து எனக்கு மறக்கவே இல்ல. பாத்தியா, ஒரு ஏச்சு வாங்கினா ஒரு எழுத்து நிக்குது. அஞ்சு கலர் பேனா செய்யாத வேலை.

அடுத்தது தண்ணி. நாத்து நட்டவனுக்குத் தெரியும்: நட்டதும் ஒரு தண்ணி, மூணாம் நாள் உயிர்த்தண்ணி, அப்புறம் மண்ணு காயுத பக்குவம் பாத்து வாரத்துக்கு ஒண்ணு. முதல் நாளே குளத்தத் தெறந்து விட்டா வேரு அழுகும். உயிர்த்தண்ணிய மறந்தா நாத்து போச்சு. சாமியார் மடத்த விட்டு ஓடுததும் அந்த மூணாம் நாளத் தாண்டித்தான், கவனிச்சியா?

சொல்லுக்கும் இதே முறைதானாம். செபாஸ்டியன் லைட்னர்னு ஒருத்தர் 1972-லயே புத்தகம் போட்டுச் சொல்லிட்டாருன்னு நீதான் சொன்ன. சீட்டுல ஒரு பக்கம் சொல்லு, மறுபக்கம் அர்த்தம். சரியாச் சொன்னா அடுத்த அறைக்கு ஏறும், அத ரொம்ப நாள் கழிச்சுப் பாத்தாப் போதும். தப்பாச் சொன்னா முதல் அறைக்கே திரும்பும், நாளைக்கே பாக்கணும். உங்க ஆச்சிட்ட கெஞ்சி, காலியான அஞ்சு கடுகு டப்பாவ வாங்கி வச்சிருக்கேன். முதல் டப்பா தினமும், ரெண்டாவது மூணு நாளைக்கு ஒருக்க, மூணாவது வாரத்துக்கு ஒருக்க, நாலாவது பதினஞ்சு நாளைக்கு, அஞ்சாவது மாசத்துக்கு.

போன்லயே இருக்குங்கியா? இருக்கு, நானும் பாத்தேன். அன்கின்னு ஒரு செயலி, 2006-ல வந்தது. அந்தப் பேருக்கே ஜப்பான்ல மனப்பாடம்னுதான் அர்த்தமாம். எவனோ செஞ்ச அட்டை ஆயிரக்கணக்குல இறக்கி வச்சு, 1,843 பாக்கின்னு காட்டுது. நம்ம வம்சத்துல வட்டிக்கடையில கூட எவனும் இம்புட்டுப் பாக்கி வச்சதில்ல. அட்டைய நீயே செய்யி. நாளைக்குப் புதுசு பத்துக்கு மேல வேண்டாம். பழைய பாக்கிய அடைச்சிட்டுப் புதுக்கடன் வாங்கு. எட்டுத் தடவை மறந்த அட்டைக்கு அந்தச் செயலியே 'லீச்'னு பேரு வைக்குதாமே, ரத்தம் உறிஞ்சுத அட்டை! தமிழன் ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சது சும்மா இல்லலே. அதக் கட்டிப் புடிச்சு அழாத. ஒரு வாக்கியத்துல வச்சுப் படி. அதுக்கும் மசியலன்னா உதறிட்டு நட.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வாரேன். ஜப்பான் வாக்கியத்தப் பாத்தா முதல்ல இங்கிலீசுக்குப் போற, அங்கருந்து தமிழுக்கு வார. கோவில்பட்டிக்காரன் சங்கரன்கோவில் போக மதுரை போயிச் சுத்துவானா? "வத்தஷி வ மிஸு ஒ நொமு." நான் தண்ணியக் குடிக்கேன். சொல்லு வரிசை மாறிச்சா? அவன் 'ஒ'ன்னு வைக்குத எடத்துல நம்ம 'ஐ' உக்காந்திருக்கு. "கைத்தெ மிரு"ன்னா எழுதிப் பாரு. 'மிரு'ன்னா பாக்குததுதான். "கத்தெ ஒக்கு"ன்னா வாங்கி வை. 'ஒக்கு'ன்னா வைக்குததுதான். இங்கிலீசு வழியாப் போனா இதுக்கு ரெண்டு பக்கம் விளக்கம். தமிழ் வழியா வந்தா விளக்கமே வேண்டாம்.

கொரே, சொரே, அரே, தொரேன்னு நாலு சொல்லுக்கு ஒரு வாரம் மல்லுக்கட்டின. இது, உது, அது, எது. நடுவுல உள்ள 'உது'வ நாம தொலைச்சிட்டோம், யாழ்ப்பாணத்துக்காரங்க இன்னமும் வச்சிருக்காங்க. பஸ்ஸு, நோட்டுன்னு நான் சொன்னா சிரிப்பியே, ஜப்பான்காரனும் வாலுல ஒரு உயிரெழுத்த ஒட்டி "பஸு", "நோட்டோ"ன்னுதான் சொல்லுதான். போயி அவன்ட்ட சிரி.

இதக் கேட்டுட்டு ரெண்டும் ஒரே வம்சம்னு மேடை போட்டுராத. சுசுமு ஓனோன்னு ஜப்பான் பேராசிரியரு ஒருத்தர் அப்படித்தான் சொன்னாரு, மத்த மொழியறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துக்கிடல. பந்தியில பக்கத்துல உக்காந்தவன்ட்ட சாம்பார் வாளியத் தள்ளச் சொல்ல, அவன் சம்பந்தியா இருக்கணுமா என்ன?

காதுக்கு வருவோம். குறில் நெடில் தெரியாதவன் ஜப்பான்ல கால் வைக்கக் கூடாது. 'ஒபசன்' அத்தை மாதிரி நடுவயசுப் பொம்பளை, 'ஒபாசன்' கிழவி. ஒரு மாத்திரை இழுத்தா வீட்டுக்காரம்மா சோத்துப் பானைய மூடிருவா. 'பிரு'ன்னா மாடிக் கட்டடம், 'பீரு'ன்னா அது. கம்பெனி இருக்க கட்டடம் எங்கன்னு கேக்கப் போயி, நீ எங்க போய்ச் சேருவன்னு எனக்குத் தெரியும்.

இதுக்கு ஒரு பயிற்சி இருக்கு, 'ஷேடோயிங்'காம். நான் வச்ச பேரு முன்னத்தி ஏரு. முன்னத்தி ஏரு போகப் போக, அந்தச் சாலு மாறாம பின்னேரு ஓட்டுதோம்லா, அது மாதிரி பேசுதவன் பேசி முடிக்கக் காத்திருக்காம, ஒரு அரை அடி பின்னாலயே அவன் ராகத்துல நீயும் சொல்லிக்கிட்டே போகணும். அரை நிமிசத் துண்டு போதும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. சத்தமாச் சொல்லுலே. மாடு ஒண்ணும் சிரிக்காது.

அந்தச் சண்டைக் கார்ட்டூன் பாத்துப் பேச்சுப் படிக்கேன்னு சொன்னியே, பாரு, காது பழகும். ஆனா அதுல வார 'ஒமயே', 'கிசமா'ங்குத மரியாதையில்லாத 'நீ'ய எடுத்துட்டுப் போயி மேனேஜர்ட்ட பேசாத. நான் உன்னைய 'ஏலே'ங்குதது பாசம். நீ அவரை அப்படிச் சொன்னா ஊருக்குத் திரும்பப் பயணச்சீட்டு. தன் பேருக்குத் தானே 'சன்' போட்டுக்காத. "நான் முருகேசன் அவர்கள் பேசுகிறேன்"னு எவனாவது சொல்லுவானா? நம்ம ஊரு மேடையில சொல்லுவாங்க, அது வேற. ஒரு 'கொன்னிச்சிவா' சொன்ன ஒடனே "நிஹோங்கோ ஜோஸு", ஜப்பான் பேச்சு பிரமாதம்னு அவங்க புகழுவாங்க. மயங்கிராத. அது நம்ம வீட்ல "இன்னும் ஒரு இட்லி வைக்கட்டா"ங்குத மாதிரி, மரியாதை.

கடைசியா பரீட்சை. ஜப்பான் மொழிப் பரீட்சையோட அடிப்படியான என்5-ல 180-க்கு 80 எடுத்தாத் தேறிரலாம்னு கணக்குப் போட்டு வச்சிருக்க. கீழ பொடி எழுத்துல உள்ளத நான் கண்ணாடி போட்டுப் படிச்சேன். கேக்குத பகுதியில 60-க்கு 19 வரலன்னா, மத்ததுல 120-க்கு 120 வாங்கினாலும் ஊத்திக்கிச்சு. உன் அட்டவணையில காதுக்கு ஒரு மணி நேரங்கூட இல்லையே ராசா. பரீட்சையில வாயத் தெறந்து பேசவே வேண்டாமாம், வட்டத்தக் கறுப்படிச்சாப் போதுமாம். அதனால சர்டிபிகேட்டு வாங்கின ஊமைங்க நெறைய உண்டு. நீ அந்தக் கூட்டத்துல சேராத.

வீட்ட விட்டுக் கெளம்புறப்ப ஜப்பான்காரன் என்ன சொல்லுதான் தெரியுமா? "இத்தெ கிமஸ்." போயிட்டு வாரேன். போறேன்னு மட்டும் சொல்லுதது அங்கயும் வழக்கமில்ல. நாளைக்குச் சென்னை பஸ் ஏறும்போது "பை தாத்தா"ன்னு கையாட்டாம அதச் சொல்லு. "இத்தெராஷ்ஷாய்"னு நான் பதில் சொல்லுதேன், நல்லாப் போயிட்டு வா.

டப்பா அஞ்சையும் கழுவிக் காய வச்சிருக்கேன், மறக்காம எடுத்துக்கோ. நோட்டு நாலையும் இங்க வச்சிட்டுப் போ, ஆச்சி பால் கணக்கு எழுதுவா. பரீட்சை டிசம்பர் முதல் ஞாயித்துக்கிழமை. உனக்காக அத நாலாம் நாளுக்குத் தள்ளி வைக்கமாட்டாங்க.