இரவல் பொருள் திரும்பி வந்துவிட்டது, தேடிப் பாருங்கள்

இராணுவ முகாமின் லீவுப் பதிவேட்டைக் கட்டிக்காக்கும் பெருமதிப்புக்குரிய மேசை அவர்களுக்கு,

நாவுலயிலிருந்து அடியேன் எழுதிக்கொள்வது. அரச உடைமையாகிய என் வீட்டுக்காரரைச் சில நாட்களுக்கு எனக்கு இரவல் தந்தீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி.

பொருள் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் வந்து சேர்ந்தது. வலது முழங்கால் மட்டும் படி ஏறும்போது சத்தம் போட்டது. அது தங்கள் பாவனையில் வந்த பழுது, என் கணக்கில் எழுதவேண்டாம். நானும் பொருளை வீணாக வைத்திருக்கவில்லை. கூரைத்தகட்டுக்கு ஆணி அடிப்பித்தேன், மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னேன், மூத்தவளின் வகுப்பாசிரியைக்கு இப்படி ஒரு தகப்பன் உண்டு என்பதைக் காட்டினேன். சின்னவன் முதலில் ஆள் தெரியாமல் அழுதான், பிறகு தோளைவிட்டு இறங்க மறுத்தான். அதனால் தோளில் ஏதும் தேய்மானம் கண்டால் மன்னிக்கவும்.

திருப்பி ஒப்படைப்பதில்தான் தாமதமாகிவிட்டது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர். அதில் எங்கள் ஊர் தெற்குப் பக்கத்தில் இருப்பது எங்கள் தலைவிதி. வடக்கே போகும் பஸ் கண்டியிலும் மாத்தளையிலும் நிரம்பி, நாவுலச் சந்தியில் ஹோர்ன் மட்டும் அடித்துவிட்டுத் தம்புள்ளைக்குப் பறக்கும். நாட்டின் நடுமையம் பக்கத்து நாலந்தாவில்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நடுமையத்தில் நிற்பவனுக்கு சீற் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. யுத்த காலத்தில் சீருடையைக் கண்டால் எழுந்து இடம் கொடுத்து 'ரணவிரு', போர்வீரர், என்றார்கள். இப்போது கொண்டக்டர் "பேக்கை எடு, வழியை மறைக்காதே" என்கிறார். அன்றிரவு பொருளை ஏற்ற ஒரு பஸ்ஸும் சம்மதிக்கவில்லை, மறுநாள்தான் அனுப்ப முடிந்தது. தாங்கள் ஏசினீர்கள், தண்டனை கொடுத்தீர்கள். சரி, இரவல் பொருள் பிந்தினால் அபராதம் உண்டுதானே, அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் பொருள் தங்கள் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கும்போது, அதைத் தேடி, போன வாரம் காக்கி உடுத்த இருவரை என் வீட்டுக்கு அனுப்பினீர்களே, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

காலை ஏழு மணி. தெரு முழுக்க வாசலில். "எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்றார்கள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள், அங்கே மாமியின் செருப்பு இருந்தது. நான் போனை எடுத்து வீடியோ கோல் போட்டேன். வன்னியில் தங்கள் முகாம் தோட்டத்தில், கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இரவல் பொருள் இவர்களைப் பார்த்துச் சல்யூட் அடித்தது. இருவரும் நலம் விசாரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனால் தப்பியோடியவர்கள் லிஸ்டில் பெயர் இருக்கிறதே" என்றார்கள்.

லிஸ்டுக்கு அவ்வளவு மரியாதை! சொல்லாமல் போனவர்களுக்கு 2024 ஏப்ரலில் பொது மன்னிப்பு வந்தது. 2025 பெப்ரவரியில் அவர்களைப் பிடிக்க உத்தரவு வந்தது. போகவே போகாதவருக்கு என்ன வரும் என்று மட்டும் யாரும் அறிவிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். 2023 ஜனவரியில், எங்கள் மாத்தளை மாவட்டத்துக்காரரான அன்றைய இராஜாங்க அமைச்சர் பிரமித பண்டார தென்னகோன் ஒரு கணக்குச் சொன்னார். 200,783 என்றிருந்த இராணுவ ஆளணியை 2030இல் ஒரு லட்சமாகக் குறைப்பார்களாம். அதாவது பாதிப் பொருள் மேலதிகம். மேலதிகமான களஞ்சியத்தில் ஒரு பொருள் ஒரு நாள் பிந்தினால் நாடு விழுந்துவிடுமா? கத்தரிக்காய் படை திரட்டி வருமா?

என் மாமியின் கதையையும் கேளுங்கள். 2006 ஒக்டோபர் 16. திகம்பத்தனை. இங்கிருந்து அதிக தூரமில்லை. லீவில் வீட்டுக்குப் போகிறவர்களும் லீவு முடிந்து திரும்புகிறவர்களுமாகக் கடற்படைப் பையன்கள் பஸ்களில் இருந்தார்கள். வெடிமருந்து லொறி வந்து மோதியது. நூறு பேரளவில் செத்தார்கள். அன்றிலிருந்து எந்தப் பையன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாலும் என் மாமி கும்பிட்டுக்கொண்டே நிற்பார். யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. அவருக்கு முடியவில்லை. அந்த மனுசியின் கட்டிலுக்குக் கீழேதான் டோர்ச் அடித்துப் பார்த்தீர்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். இரவல் வாங்கியவள் குரல் உயர்த்தக்கூடாது. தங்கள் கருணை மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 22 வருடச் சேவை முடிந்ததும் பென்ஷனோடு பொருளை எனக்கே நிரந்தரமாகத் தந்துவிடுவீர்கள் என்பதும் தெரியும். முழங்கால் அதுவரை தாங்கினால் என் பாக்கியம்.

இப்போதைக்கு அடியேன் கேட்பது ஒன்றுதான். லிஸ்டிலிருந்து அவர் பெயரை வெட்டுங்கள். வெட்டிவிட்டு, வந்த அதே இருவரை, அதே காலை ஏழு மணிக்கு, எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். "இந்த வீட்டு மனிதர் எங்கும் ஓடவில்லை, பிழை எங்களுடையது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
பொருளைக் குறையில்லாமல் திருப்பி ஒப்படைத்தவள்,
நாவுல.