ஏழரை மணி ஆட்டமும் எட்டு மணிக் கூட்டமும்

1996 தேர்தலின்போது ராமநாதபுரத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். உலகக் கோப்பை மார்ச் 17-ஆம் தேதியே முடிந்துவிட்டது. கல்கத்தா அரையிறுதியில் இந்தியா தோற்ற ஆத்திரமும் சீக்கிரமே ஆறிப்போனது. அதன்பின் அந்தக் கோடை முழுக்கத் தேர்தலுக்குத்தான். அரண்மனை வாசலில் இன்று ஒரு கட்சிக்காரர் ஒரு குற்றச்சாட்டைச் சொன்னால், நாளை எதிரணி அதே இடத்தில் மேடை போட்டுப் பதில் சொல்லும். மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் இரண்டையும் வைத்து வழக்காடுவார்கள். ஒரு விஷயம் ஊருக்குள் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாலைப்பொழுதாவது வேண்டும். அன்று அது கிடைத்தது.

2009-இல் மக்களவைத் தேர்தலும் ஐபிஎல்லும் ஒரே நேரத்தில் வந்தன. தேர்தலுக்கே படை போதாது, ஆட்டத்துக்குப் பாதுகாப்பு தர முடியாது என்ற நிலையில் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் உறுதியாக நின்றார். பக்கத்துத் தொகுதியான சிவகங்கையில் அவரே வேட்பாளர். போட்டி தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. போயும் என்ன? இரவு எட்டு மணிக்கு டிவி வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

இலங்கைப் போரில், முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. ஏப்ரல் 27 அன்று கலைஞர் அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் இருந்தார். மண்டபம் அகதிகள் முகாமில், அக்கரையில் உள்ள உறவுகளைப் பற்றி ஒரு தகவலாவது வராதா என்று காத்திருந்த பெண்களிடம் பேசி, செய்தி எழுதி அனுப்பினேன். "அண்ணே, முதல் பக்க டம்மி போட்டாச்சு. மேட்ச் முடியட்டும், இடம் இருந்தா பாப்போம்" என்றார் டெஸ்கில் இருந்த தம்பி. மறுநாள் அது உள்பக்கத்தில் அரைப் பத்தியாக வந்தது. அந்த அரைப் பத்தி எனக்கு இன்றும் வலிக்கிறது.

கிரிக்கெட்டால் தேர்தலே திசைமாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2011-இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஏப்ரல் 2. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 13. இடையில் ஏப்ரல் 8-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஐபிஎல்லும் தொடங்கிவிட்டது. ஆனாலும் மின்வெட்டை யாரும் மறக்கவில்லை. ஆட்டத்தின் நடுவே கரண்ட் போனால் தெருவே எழுந்து நின்று திட்டியது. அதிமுக அணி 203 இடங்களைப் பிடித்தது. தன் வீட்டுக்குள் இருக்கிற கஷ்டத்தை எந்த ஸ்கோரும் மறைக்காது. அடுத்தவன் கஷ்டம்தான் மறைந்துபோகிறது. அதை வாய்ப்பேச்சுதான் வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டும்; அந்தப் பேச்சுக்கு உரிய நேரத்தைத்தான் ஆட்டம் எடுத்துக்கொள்கிறது.

2024-இல் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். மார்ச் 31, ஞாயிறு. 1974-இல் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்தது பற்றிப் பிரதமர் மோடி காலையிலேயே காங்கிரஸைச் சாடிப் பதிவிட்டார். நாடு முழுக்க அதே பேச்சு. ராமேஸ்வரத்தில் அது வெறும் பழைய ஒப்பந்தம் இல்லை. இலங்கையின் ஊர்காவற்துறை நீதிமன்றம் மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்ததால், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே பிப்ரவரியில் புறக்கணித்திருந்தார்கள். பிடிபட்ட விசைப்படகுக்குக் கடன் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், வழக்குக் காகிதங்களை பாலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கேட்பார்களா என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அன்றிரவு விசாகப்பட்டினத்தில் தோனி 16 பந்தில் 37 ரன் அடித்தார். சென்னை தோற்றது, ஆனாலும் மறுநாள் காலை அந்தக் கடையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. பார்த்த பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆட்டம் அப்படி. படகு எப்போது வரும் என்று வேட்பாளர்களை மடக்கிக் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. கட்சிகளும் வாதத்தை வளர்ப்பதை விட்டு, ஒருநாள் பரபரப்புகளைத் தேடத் தொடங்கிவிட்டன.

தேர்வு, திருவிழா, வெயில் எல்லாம் பார்த்துத்தான் தேர்தல் தேதி குறிக்கிறார்கள். 2024-இல் தேர்தல் அறிவிப்பு வராத நிலையில், கிரிக்கெட் வாரியம் முதலில் 21 ஆட்டங்களுக்கு மட்டும் அட்டவணை வெளியிட்டது. அந்த அளவுக்கு வளைந்து கொடுக்க முடியுமென்றால், ஓட்டுப்போடும் மாநிலத்து அணியின் இரவு ஆட்டங்களையாவது பிரச்சாரத்தின் கடைசி ஐந்து நாட்களில் பிற்பகல் மூன்றரைக்கு மாற்றலாம். தேர்தல் ஆணையத்திடம் இதை எல்லாக் கட்சிகளும் சேர்ந்து கேட்க வேண்டும்.