இரண்டே அணிகள்!

கேள்வி: உலகிலேயே மிகச் சிறிய கால்பந்து லீக் எது?

பதில்: இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் இருக்கும் சில்லி தீவுகளில் நடப்பது. கேரிசன் கன்னர்ஸ், உல்பேக் வாண்டரர்ஸ் என மொத்தமே இரண்டு அணிகள். ஞாயிறுதோறும் ஒரே மைதானத்தில் இவர்களோடு அவர்கள், அவர்களோடு இவர்கள்! ஒரு காலத்தில் தீவுக்குத் தீவு மோதிக்கொண்டார்கள். படகேறி வந்து ஆடினார்கள். சின்னத் தீவுகளில் ஆள் குறைய, செயின்ட் மேரிஸ் தீவின் இரண்டு அணிகள் மட்டும் நிலைத்தன. ரேஞ்சர்ஸ், ரோவர்ஸ் என்றிருந்த அவை 1984இல் இப்போதைய பெயர்களுக்கு மாறின.

எனக்கு மிகவும் பிடித்தது ஆள் பிரிக்கும் முறைதான். சீசன் தொடங்கும்போது இரு கேப்டன்களும் உட்கார்ந்து, ‘உனக்கு ஒருத்தன், எனக்கு ஒருத்தன்’ என்று பிரித்துக்கொள்கிறார்கள். நம் தெருக் கிரிக்கெட்டேதான்! போன வருட எதிரி இந்த வருடக் கூட்டாளி. கோப்பைப் போட்டிகளும் உண்டு. அவற்றில் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெறாத அணியே கிடையாது. லீக்கிலும் கடைசி இடம் பிடித்தவருக்கு இரண்டாம் இடம் நிச்சயம்.

கால்பந்து நட்சத்திரங்கள் பெக்காமும் ஜெரார்டும் ஒரு விளம்பரப் படத்துக்காக இந்தத் தீவுக்கே வந்திருக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில், பூப்பண்ணைக்காரரும் படகோட்டியும் மழையிலும் காற்றிலும் விடாமல் ஆடிக் காத்த லீக்குக்கு அந்த மரியாதை தகும்.