சித்திக்குக் காட்ட வேண்டாத கடிதம்

ஒஸ்லோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். இங்கே பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. நம்மூரில் அந்நேரம் பஜ்ஜிக்கு எண்ணெய்கூடக் காய்ந்திருக்காது.

சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் குறையில்லை. ஈழத் தமிழர் கடைகள் இருப்பதால் கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கிறது. அலுவலகம்தான் சோதனை. பதினொன்றரைக்கே மதியச் சாப்பாடு. ஆளுக்கொரு பொட்டலம், ‘மாட்பாக்கே’ என்று பேர். பேரைக் கேட்டுக் கட்டுச்சோறு என்று ஆசைப்பட வேண்டாம். பிரித்தால் ரொட்டித் துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவே காகிதம், மேலே பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி. உப்புப் போட்ட திரட்டுப்பால் மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் எல்லோரும் சத்தமில்லாமல் தின்று முடித்து எழுந்துவிடுவார்கள். அந்த அரை மணியில்தான் நான் மதுரைக்குப் போய்வருகிறேன்.

போனைத் திறந்தால் சிம்மக்கல் கோனார் கடைத் தோசைக்கல். மாவை ஊற்றி, முட்டையை விட்டு, மேலே கறியைக் கொட்டிப் பரப்பும் நேரம் பார்த்து நான் ரொட்டியைக் கடிப்பேன். கண்ணுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. வயிறு எதை நம்புகிறதோ, எடை மட்டும் ஏறுகிறது.

ஆனால் இந்த வீடியோக்காரப் பையன்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடித் தலையை ஆட்டி ‘வேற லெவல்’ என்கிறார்கள். கறி தோசைக்கும் அதுதான், பருத்திப்பாலுக்கும் அதுதான். பருத்திப்பாலில் சுக்கு தொண்டையைப் பிடிக்கிற இடத்தைச் சொல்ல ஒருத்தனுக்கும் பொறுமை இல்லை.

அதற்காகத்தான் மாங்குடி மருதனாரிடம் போகிறேன். சிரிக்காதீர்கள். மதுரைக்காஞ்சியை உரையோடு எடுத்துவந்திருக்கிறேன். 782 அடி. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையைச் சொல்ல வந்தவர், நடுவில் கடைத்தெருவுக்குள் நுழைந்து வெளியே வர மனமில்லாமல் சுற்றுகிறார். பகலுக்கு நாளங்காடி, ராத்திரிக்கு அல்லங்காடி. தேன்கூடு போல மெல்லிய அடை, பூரணம் வைத்த மோதகம். இவற்றை விற்கிற கூவியர், ராத்திரி ஏறியதும் தூங்கிப்போகிறார்கள். தூங்கா நகரத்தில் கடைக்காரர் தூங்கியதையும் பார்த்து எழுதியிருக்கிறார்! அவரல்லவா ரசிகர்! மோதகத்தைப் புகழ்ந்து ஒரு கூச்சல் கிடையாது, எனக்கு நாக்கில் ஊறுகிறது.

அவரைப் படித்த பிறகு நானும் வீடியோவில் பேசுகிறவனைப் பார்ப்பதில்லை. பின்னால் நிற்பவர்களைப் பார்க்கிறேன்.

போன வாரம் விளக்குத்தூண் ஜிகர்தண்டா வீடியோ ஒன்று. பாதாம் பிசின், நன்னாரி, சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். பையன் வழக்கம்போலக் கண்ணை மூடினான். அவன் தோளுக்குப் பின்னால் நீலக் கட்டம் போட்ட சட்டை, கக்கத்தில் மஞ்சள் பை, கையில் பெரிய டம்ளர். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். சித்தப்பா, அந்தச் சட்டை நான் எடுத்துக் கொடுத்தது.

அதற்கு முந்தின நாள்தான் சித்தி போனில் பெருமைப்பட்டார்கள். “சுகர் வந்ததுலேர்ந்து உங்க சித்தப்பா திருந்திட்டாருப்பா. காபிக்குக்கூடச் சீனி கிடையாது. சாயங்காலமானா கோயிலைச் சுத்தி நடக்குறாரு.” விளக்குத்தூணும் கோயிலைச் சுற்றித்தானே இருக்கிறது. நீங்கள் பொய் சொன்னதாக நான் சொல்ல மாட்டேன்.

வீடியோவைச் சித்திக்கு அனுப்பவில்லை. அனுப்பவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மேலமாசி வீதி மாமா மகன் இங்கே வருகிறான். அவன் கையில் பிரேம விலாஸ் அல்வா அரைக் கிலோ கொடுத்துவிடுங்கள். நீங்களே நேரில் போய் வாங்குங்கள். சூடாக இருக்கிறதே என்று அங்கேயே இலையில் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். அங்கேயும் எவனாவது கண்ணை மூடிக்கொண்டு நிற்பான்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்