சாமிக்கா, சாப்பிடவா? வாழைப்பழத்தின் பதினாறாவது பண்பு

வாழையை வகைபிரித்த வரலாறு சுருக்கமானது. 18-ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ், சமைப்பதற்கு ஒரு பெயர், அப்படியே தின்பதற்கு ஒரு பெயர் என்று இரண்டோடு எழுந்து போய்விட்டார். 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு இருவரும் பொறுப்பாக உட்கார்ந்தார்கள். தண்டின் நிறம், இலைக்காம்பின் பள்ளம், பூமடலின் சுருள் என 15 பண்புகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். அக்யூமினேட்டா, பால்பிசியானா என்ற இரு காட்டு மூதாதையரில் எந்த வாழை எவர் பக்கம் சாய்கிறது என்பது கணக்கு. முன்னவர் ‘ஏ’, பின்னவர் ‘பி’.

கணக்கில் குறையில்லை, குடித்தனத்துக்குத்தான் ஒத்துவரவில்லை. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், விருப்பாச்சி நான்கும் ‘ஏஏபி’ என்று ஒரே கூடையில் விழுகின்றன. தாம்பூலத் தட்டில் நேந்திரனை அடுக்கிவிட்டுச் சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்த்தவர் எவரும் இந்தக் கூடையை ஒப்புக்கொள்ளமாட்டார்.

விடுபட்ட பதினாறாவது பண்பை நம்மூர்ப் பழக்கடைகள் என்றோ கண்டுபிடித்துவிட்டன. “அண்ணாச்சி, ஒரு சீப்பு பூவன்” என்றால் அவர் கத்தியை எடுப்பதற்கு முன் கேட்பது ஒன்றே: “சாமிக்கா, சாப்பிடவா?” சாமிக்கென்றால் மேல்சீப்பு, இளம்பச்சை மாறாமல், ஒரு பழமும் உதிராமல், காம்போடு அறுபட்டு வரும். சாப்பிடவென்றால் புள்ளி விழுந்த கீழ்ச்சீப்பு. ஒரே தார், ஒரே மரபணு, இரண்டு இனங்கள்! (விலையும் இரண்டு. இதை அண்ணாச்சி விவாதிக்க விரும்பவில்லை.)

‘யாருக்கு?’ என்ற இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வரிசைக்கு வருகின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி, கைக்குழந்தைக்கு. பேயன், அம்மை இறங்கியவருக்கு. விருப்பாச்சி, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு. அதன் உறவான சிறுமலைப் பழத்தை அசுவினி சுமந்து வந்த முடிக்கொத்து நோய் பாதி வழியில் மறித்துவிட்டது. அசுவினிக்கு ‘யாருக்கு’ என்று கேட்கும் பழக்கமில்லை. மொந்தனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நேராக பஜ்ஜிக் கடை.

சிக்கல் பச்சைப்பழத்தில்தான். இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கண்ணாடி வீட்டில் வளர்ந்து, அவர் குடும்பப் பெயரையே வாங்கிக்கொண்ட கேவண்டிஷ் வம்சம் இது. முன்பு ஏற்றுமதியை ஆண்ட குரோ மிஷேல், பனாமா வாடல் நோயில் சாய்ந்ததும் 1950-களுக்குப் பின் அரியணை ஏறியது. இன்று கடல் கடந்து விற்கும் வாழைப்பழத்தில் பெரும்பகுதி இதுவே. அத்தகைய பேரரசை நம் வீட்டுப் பாட்டிகள் “ராத்திரியில் தொடாதே, சளி பிடிக்கும்” என்ற ஒரே தீர்ப்பில் முடித்துவைத்தார்கள். மேல்முறையீடு கிடையாது. ‘யாருக்கு’ என்பதோடு ‘எப்போது’ என்பதையும் சேர்க்கவேண்டும் என்பார் உண்டு. அது பதினேழாவது பண்பு, வேறு கட்டுரைக்குரியது.

திருச்சியில் 1993 முதல் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அதன் ரகப் பதிவேட்டில் ‘யாருக்கு’ என்றொரு பத்தியைச் சேர்க்க இவ்வாய்வாளர் பரிந்துரைக்கிறார். அதைப் பென்சிலால் நிரப்புவது நல்லது. வெள்ளிக்கிழமை சாமிக்கென்று வந்த சீப்பு, சூடம் காட்டியதும் வீட்டாருக்கு என்றாகிறது. வீட்டார் கண்டுகொள்ளாவிட்டால் திங்கட்கிழமை கறுத்துப்போய், தெருமுனையில் மாட்டுக்கு.